தூண் மறைத்த மூட்டைகள்

2015 கடைசியில் சிங்கப்பூர் மரினா பே ஆர்ட்சயன்ஸ் மியூசியத்துக்கு ‘கொலைடர்’ கண்காட்சி வந்திருந்தபோது அப்பாவை அழைத்துப் போனேன். ஜெனீவாவுக்குப் பக்கத்தில், பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் புரோட்டான்களை மோதவிடும் செர்ன் ஆய்வுக்கூடத்தைப் பற்றிய கண்காட்சி அது. அரையிருட்டுக் கூடம் ஒன்றில் மோதலைச் சுவர் முழுக்கப் படமாக ஓட்டினார்கள். நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து நாலாபக்கமும் கோடு கோடாகச் சிதறல். சுற்றியிருந்தவர்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். அப்பா மட்டும் கைகளைத் தொங்கவிட்டு நின்றார். அவருடைய ஆள்காட்டி விரல் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது. ஐந்து தட்டு, ஒரு சின்ன இடைவெளி, மறுபடி ஐந்து. எண்ணுகிறார் என்று புரிந்தது.

வெளியே வந்து தண்ணீரோரம் உட்கார்ந்ததும் கேட்டார்: “இதையெல்லாம் யாரும்மா எண்ணுறா?”

“மெஷின்தான்ப்பா.”

“சரி, மெஷின் எண்ணினது எண்ணினதுதான். மெஷின் விட்டதுக்கு என்ன செய்வீங்க?”

“அது எத்தனையா இருக்கும்னு கணக்குப் போட்டுச் சேர்த்துக்குவோம்.”

அப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். “பார்க்காததை எழுதுவீங்களா?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி கண்காட்சி முடிந்தும் என்னை விடவில்லை. முதுகலைப் படிப்புக்காக ஐரோப்பாவில் இருந்த இரண்டு வருடமும் நான் செய்த வேலை அதுதான்: ஒரு மோதலில் எத்தனை மின்னூட்டத் துகள்கள் பிறக்கின்றன என்று எண்ணுவது, கருவி விட்டதைக் கணக்குப் போட்டுச் சேர்ப்பது. அதில் தப்பிருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அப்பாவின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்த பிறகுதான், தப்பில்லை என்று எதை வைத்து நம்பினேன் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க், இறங்கும் சரக்கை எண்ணிக் குறிப்பவர். 1966-ல் தஞ்சோங் பகாரில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு இருபது வயது. 1972-ல் முதல் கொள்கலன் கப்பல் வருவதற்கு முந்தைய காலம். அரிசியும் சீனியும் மூட்டையாகத்தான் வந்திறங்கும். கப்பலின் வயிற்றிலிருந்து கயிற்று வலையில் ஒரு தூக்கு மூட்டை மேலே எழும், விளிம்பைத் தாண்டி ஆடிக்கொண்டே வரும், கரையில் உட்காரும். அந்தச் சில நொடிகளுக்குள் எண்ணிவிட வேண்டும். மேலடுக்கு தெரியும், ஓரத்து மூட்டைகள் தெரியும். நடுவில் இருப்பது, ஆட்கள் மேலே உள்ளதை எடுத்த பிறகுதான் தெரியும். அதற்குள் அடுத்த தூக்கு தலைக்கு மேல் வந்துவிடும். பலகையில் கிளிப் போட்ட தாள். நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. மழை பெய்தால் சட்டைக்குள் தாளை நுழைத்துக்கொண்டு மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பாராம். கப்பல் தரப்புக்கு ஓர் ஆள் எண்ணுவார், கரைத் தரப்புக்கு அப்பா எண்ணுவார். ஷிப்ட் முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். ஒத்துப்போன நாள் அபூர்வம்.

அந்த வேலையில் அவர் பிடித்து வைத்திருந்த ஒரே சட்டம், கண்ணால் பார்க்காத மூட்டைக்குக் கோடு போடக்கூடாது என்பது. எங்கள் வீட்டில் அது பழமொழி மாதிரி. பள்ளியில் நடந்த சண்டையைப் பற்றி நான் ஏதாவது ஊகித்துச் சொன்னால்கூட, “பார்த்தியா? பார்க்காம கோடு போடாதே” என்பார்.

எண்ணுவது என்றால் எதை

செர்ன் சுரங்கத்தில் உள்ள அலிஸ் என்ற கருவியில், மோதல் நடக்கும் இடத்தைச் சுற்றி உருளை வடிவத்தில் இரண்டு சிலிக்கான் அடுக்குகள் இருந்தன. ஒன்று மையத்திலிருந்து 3.9 சென்டிமீட்டர் தூரத்தில், மற்றொன்று 7.6 சென்டிமீட்டரில். இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய ஒரு கோடி பிக்சல். மின்னூட்டத் துகள் ஒன்று வெளியே பறக்கும்போது முதல் அடுக்கில் ஒரு புள்ளி, இரண்டாம் அடுக்கில் ஒரு புள்ளி விழும். இரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்தால், அது மோதல் நடந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் ஒரு துகள். எங்கள் ஐந்து கோட்டுக் கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் விடுபடுவது எப்படியெல்லாம் நடக்கும் என்பதைச் சொன்னால்தான் அப்பாவின் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்று தெரியும். சில பிக்சல்கள் செத்துப்போயிருக்கும். வேகம் குறைந்த துகள் காந்தப்புலத்தில் சுருண்டு, இரண்டாம் அடுக்குக்கு வந்தே சேராது. இரண்டு துகள் ஒட்டி ஒட்டிப் பறந்தால் ஒரே புள்ளியாகப் பதியும். வலையின் நடுவில் மறைந்த மூட்டை போலத்தான். எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. ஒளித்துகள் ஒன்று, புரோட்டான்கள் ஓடும் கற்றைக் குழாயின் சுவரில் பட்டு எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானுமாகப் பிரியும். மோதலில் பிறக்காத இரண்டு துகள்கள் கணக்கில் ஏறிவிடும். குறுவாழ்வு கேயான் என்றொரு நடுநிலைத் துகள் இருக்கிறது. அதன் ஆயுளுக்குள் ஒளி 2.7 சென்டிமீட்டர்தான் போகும். லாம்ப்டா என்ற இன்னொரு நடுநிலைத் துகளுக்கு 7.9 சென்டிமீட்டர். இவை கருவியின் வாசலிலேயே சிதைந்து மின்னூட்டமுள்ள துகள்களைப் பெற்றுப்போடும். அந்தப் பிள்ளைகளை மோதலின் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா? வேண்டாம் என்பது அலிஸ் குழுவின் ஏற்பாடு. ஆகவே எண்ணியதிலிருந்து அவற்றைக் கழிக்க வேண்டும். கழிப்பதற்கு, அவை எத்தனை என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் விடச் சிக்கலானது, ஒன்றுமே காட்டாத மோதல்கள். இரண்டு புரோட்டான்கள் லேசாக உரசி உடைந்து, சிதறலெல்லாம் கற்றைக் குழாயோடேயே போய்விடும். நடுவில் இருக்கும் கருவிக்கு அப்படி ஒரு மோதல் நடந்த தடயமே இருக்காது. சராசரி என்று சொல்லும்போது வகுக்கும் எண்ணில் அவையும் சேர வேண்டும் அல்லவா?

ஒரே மோதலுக்கு இரண்டு பதில்

2009 நவம்பர் 23-ஆம் தேதி அந்தப் பெரிய சுரங்கத்தில் முதல்முறையாகப் புரோட்டான்கள் மோதின. மொத்த ஆற்றல் 900 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட். அலிஸ் குழுவினர் அன்று பதிவான 284 நிகழ்வுகளை மட்டும் வைத்து, அந்த வாரத்துக்குள்ளேயே கட்டுரை எழுதி அனுப்பிவிட்டார்கள். கற்றைக்குக் குறுக்கே, நடுப்பகுதியில், சூடோரேபிடிட்டி என்று நாங்கள் சொல்லும் கோண அளவையில் ஓர் அலகுக்குச் சராசரியாக 3.10 மின்னூட்டத் துகள்கள். அதோடு ±0.13, இன்னொரு ±0.22. புதிய துகள்களை உண்டாக்கிய எல்லா மோதல்களுக்குமான எண் இது. கருவி பார்த்தவை, பார்க்காதவை, ஒன்றுமே காட்டாமல் போனவை எல்லாம் இதில் அடக்கம்.

சில மாதங்கள் கழித்து 2010-ல் அட்லஸ் என்ற இன்னொரு கருவியின் குழு, அதே சுரங்கத்தில் அதே 900 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் மோதல்களை எண்ணித் தன் பதிலை வெளியிட்டது: 1.333. நிகழ்வுகள் 3 லட்சத்துக்கும் மேல். அதே நடுப்பகுதி, அதே ஓர் அலகு. பாதிகூட இல்லை.

மாணவியாக முதன்முதலில் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது யாரோ தப்பு செய்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். யாரும் தப்பு செய்யவில்லை. அட்லஸ் குழு கேட்டுக்கொண்ட கேள்வியே வேறு. கற்றைக்குக் குறுக்கான உந்தம் 500 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலிருக்கும் துகள்களை மட்டும், கருவிக்கு நன்றாகத் தெரியும் கோணத்துக்குள், அப்படிப்பட்ட துகள் ஒன்றாவது இருந்த மோதல்களில் மட்டும் எண்ணினார்கள். பெரும்பாலான துகள்கள் அந்த வரம்புக்குக் கீழேதான் பிறக்கின்றன என்று அவர்களுக்கும் தெரியும். தெரிந்தும், எங்கள் கண்ணுக்கு எட்டும் எல்லைக்குள் உள்ளதை மட்டும் சொல்கிறோம், அதற்கு வெளியே நாங்கள் கை வைக்கவில்லை என்று கோடு கிழித்தார்கள். அந்த எல்லைக்குள் தவறவிட்டதை அவர்களும் திருத்திக்கொண்டார்கள்தான். ஆனால் பார்க்கவே முடியாத இடத்துக்குக் கணக்கை நீட்டவில்லை. அந்த எண் அப்போதிருந்த கணினி மாதிரிகள் சொன்னதைவிட 5 முதல் 15 விழுக்காடு அதிகமாக வந்தது. மாதிரியின் சாயம் படாத எண் என்பதால் அந்த வித்தியாசத்துக்கு மதிப்பு இருந்தது.

அப்பாவின் மனசுக்கு அட்லஸ்காரர்கள்தான் நெருக்கம் என்று நினைத்தேன். என் மனசு 3.10-இன் பக்கம். உலகத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், என் கண்ணுக்கு எட்டியதை மட்டும் சொல்வது பாதிப் பதில்தானே என்று தோன்றும். இரண்டுக்கும் நடுவில் ரொம்ப நாள் ஆடிக்கொண்டிருந்தேன்.

மேனிஃபெஸ்டுக்கு ஒத்த கணக்கு

என் ஆய்வேட்டில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நான் தேடியது சராசரியை அல்ல, பரவலை: பத்துத் துகள் தந்த மோதல்கள் எத்தனை, முப்பது தந்தவை எத்தனை, அறுபது தந்தவை எத்தனை என்று. கருவி முப்பது காட்டினால் உண்மையில் வந்தது முப்பத்தைந்தாக இருக்கலாம், நாற்பதாகவும் இருக்கலாம். ஆகவே, உண்மையில் இத்தனை வந்தால் கருவி இத்தனை காட்டும் என்று கணினிக்குள் போலி மோதல்களை ஓட்டி ஒரு பெரிய அட்டவணை தயாரிப்போம். பிறகு அந்த அட்டவணையைப் பின்பக்கமாக வாசித்து, காட்டியதிலிருந்து வந்ததைக் கண்டுபிடிப்போம். இதைப் படிப்படியாகச் செய்ய, 1995-ல் தாகோஸ்தினி எழுதிய பேயஸ் முறையைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதில் ஆரம்பத்தில் ஒரு ஊகத்தைக் கொடுத்தாக வேண்டும். நான் கணினி மாதிரி தந்த பரவலையே கொடுத்தேன். ஒரே சுற்று ஓட்டினேன். விடை மாதிரியோடு அச்சில் வார்த்தது போல் பொருந்தியது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் பக்கத்து மேசையில் இருந்த மூத்த ஆய்வாளர் ஒருவர், ஆரம்ப ஊகத்தை மட்டும் தட்டையாக மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஓட்டினேன். குறைந்த எண்ணிக்கைப் பக்கம் கொஞ்சம்தான் அசைந்தது. அதிக எண்ணிக்கையின் வால் மட்டும் எங்கேயோ போய் நின்றது. சுற்றுகளைக் கூட்டினால் இரண்டு தொடக்கமும் மெல்ல ஒன்றை ஒன்று நெருங்கின, இரண்டும் மாதிரிக்கு மேலே. மேலும் கூட்டினால் கோடு பல் பல்லாக உடைந்து இரைச்சலாகியது. முதல் நாள் எனக்குக் கிடைத்த அழகான பொருத்தம், நானே உள்ளே போட்டதை நானே வெளியே எடுத்தது. அங்கே என் தரவு பேசவே இல்லை.

அப்பாவிடம் இதைத் தொலைபேசியில் சொன்னபோது அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. ஒவ்வொரு கப்பலுக்கும் மேனிஃபெஸ்ட் வரும், அதில் எத்தனை மூட்டை என்று முன்கூட்டியே எழுதியிருக்கும். எண்ணுவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டால் கண் அந்த எண்ணை நோக்கித்தான் எண்ணும் என்றார். அவருக்கு மேலே இருந்த ஒருவர், தாளில் வித்தியாசம் வந்தபோதெல்லாம் மேனிஃபெஸ்டுக்கு ஒத்து எழுதிவிடும்படி சொல்வாராம். அப்பா மறுத்த மாதங்களில் ஓவர்டைம் வேறு ஆட்களுக்குப் போனது. இதை அவர் என்னிடம் சொன்னது அன்றுதான் முதல்முறை. அந்த மாதங்களில் எனக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய வயது.

மாதிரியே பிழையாக இருக்கலாம் என்பதும் வெறும் பேச்சு அல்ல. 900 ஜிகாவிலிருந்து 7 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு ஆற்றலை உயர்த்தியபோது நடுப்பகுதியின் துகள் எண்ணிக்கை 57.6 விழுக்காடு கூடியது என்று 2010-ல் அலிஸ் அளந்தது. அன்றைய மாதிரிகள் சொன்ன உயர்வு அதைவிடத் தெளிவாகக் குறைவு. எல்லோரும் மேனிஃபெஸ்டைப் பார்த்து எண்ணியிருந்தால் அந்த வேறுபாடு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இரண்டு கிளார்க்குகள்

போன வருடம் ஒரு ஞாயிறு காலை தேக்கா சந்தையில், தே தாரேயும் ரொட்டி பரோட்டாவும் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு ஒரு பழைய முறையைச் சொன்னேன். 1924-ல் ஹான்ஸ் கைகரும் வெர்னரும் செய்தது. அந்தக் காலத்தில் துகள்களைக் கண்ணால் எண்ணினார்கள். இருட்டறையில் உட்கார்ந்து, நுண்ணோக்கி வழியாக ஒரு திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். துகள் படும்போது சின்ன மின்னல் வெட்டும். கண் களைக்கும், சிமிட்டும், விட்டுவிடும். அவர்கள் ஒரே திரையை இரண்டு பேரைப் பார்க்க வைத்தார்கள்.

மேசைத் துடைப்புத் தாளில் எழுதிக் காட்டினேன். முதல் ஆள் 90 மின்னல் பார்த்தார். இரண்டாவது ஆள் 80. இருவரும் பார்த்தது 72. இரண்டாவது ஆள் பார்த்த 80-ல் முதல் ஆள் 72-ஐப் பார்த்திருக்கிறார் என்றால், அவர் கண்ணுக்குப் பத்துக்கு ஒன்பது சிக்குகிறது. அப்படியானால் அவர் பார்த்த 90, மொத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு. மொத்தம் 100. இருவரில் ஒருவராவது பார்த்தது 98. ஆக, இரண்டு பேருமே பார்க்காதது 2. பிற்காலத்தில், துகள்களின் தடத்தைக் குமிழிகளாகக் காட்டும் குமிழி அறையின் படச்சுருள்களை ஆட்கள் உட்கார்ந்து எண்ணியபோதும் இதே முறைதான்: ஒரே சுருளை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள், ஒத்ததையும் ஒவ்வாததையும் வைத்து விட்டதைக் கணிப்பார்கள்.

“பாருங்கப்பா, யாருமே பார்க்காத ரெண்டை, மேனிஃபெஸ்ட் எதையும் தொடாம எழுதியாச்சு.” பத்து வருடம் கழித்து அவருக்குப் பதில் கிடைத்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அப்பா தாளைத் தன் பக்கம் இழுத்து, 90, 80, 72 என்று ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தார். கணக்கு அவருக்கு உடனே பிடித்துவிட்டது. கப்பல் தரப்பு ஆளும் அவரும் தூக்குக்குத் தூக்கு தாளை ஒப்பிட்டது கிட்டத்தட்ட இதுதான் என்றார். பரோட்டாவைப் பிய்த்து வாயில் போட்டு, மென்று முடித்துவிட்டுக் கேட்டார்:

“ரெண்டு பேருக்கும் ஒரே தூண் மறைச்சா?”

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை.

அவர்கள் நின்று எண்ணிய கிடங்கின் வாசலில் ஒரு தூண் இருந்ததாம். வலை அந்தப் பக்கம் சாய்ந்து இறங்கினால் அப்பாவுக்கும் தெரியாது, கப்பல் தரப்பு ஆளுக்கும் தெரியாது. அன்றைக்கு இரண்டு தாளும் அச்சு அசலாக ஒத்துப்போகும். “ஒத்துப்போச்சேன்னு சந்தோஷப்பட்டா மாட்டிக்குவோம். ஒரே இடத்துல ரெண்டு பேரும் குருடு.”

கைகர் முறையின் உயிர்நாடி அதுதான். இரண்டு பேரும் தனித்தனிக் காரணத்துக்காகத் தவறவிட்டால்தான் அந்தக் கணக்குச் செல்லும். மங்கலான மின்னலை இருவருமே தவறவிட்டால் மொத்தம் 100 என்பது பொய், 110 ஆகக்கூட இருக்கும். பாடநூலில் இதை ஒரு வரியில் நான் படித்திருந்தேன், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். அதன் கனம் ஒரு தூணாக என் முன்னால் வந்து நின்றது அன்றுதான்.

அப்போதுதான் அந்த இரண்டு ± எண்களையும் அவருக்குச் சொல்ல வழி கிடைத்தது. 3.10-க்குப் பக்கத்தில் இருந்த முதல் எண், 0.13, வெறும் 284 நிகழ்வுகளை எண்ணியதால் வந்தது. கூடுதலாக எண்ணினால் சுருங்கும். இரண்டாவது எண், 0.22, தூணுக்கானது. எத்தனை கப்பல் வந்தாலும் தூண் தன்னால் மெலியாது. 7 டெராவில், அதே சுரங்கத்தின் இன்னொரு கருவியான சிஎம்எஸ்ஸின் குழு வெளியிட்ட எண்ணை அதே தாளில் எழுதினேன்: 5.78, ±0.01, ±0.23. முதல் பிழை 0.01 ஆக இளைத்துவிட்டது. இரண்டாவது அப்படியே நிற்கிறது. 2010 கடைசியில் ஈய அணுக்கருக்களை மோதவிட்டபோது, நேருக்கு நேர் மோதியவற்றில் நடுப்பகுதியின் ஓர் அலகுக்கு 1584 துகள்கள் வந்தன. அதற்கு ±4, பிறகு ±76. அந்த 76-க்காக ஆட்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். தூணின் அகலத்தை அளக்கத்தான் அந்த உழைப்பெல்லாம் போகிறது. கருவியின் சுவர்களில் ஒளித்துகள்கள் எங்கெங்கே எலெக்ட்ரான் இணைகளாகப் பிரிந்தன என்று குறித்து வைத்தால், கருவிக்குள் எந்த இடத்தில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்தது போல் தெரியும். கணினிக்குள் வரைந்த கருவியில் ஒரு குழாயையோ தாங்கியையோ மறந்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும். இப்படி ஒவ்வொரு தூணாகச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, சுற்ற முடியாததற்கு ஓர் அகலம் எழுதுவார்கள்.

“அந்த அகலத்தைக் கணக்கோட சேர்த்தே எழுதுறீங்களா? தனியாவா?”

“தனியாப்பா. எப்பவும் தனியாத்தான். ரெண்டாவது எண்ணா.”

தலையாட்டினார். தே தாரே ஆறிப்போயிருந்தது, ஒரே மடக்கில் குடித்தார். பிறகு என் பேனாவை வாங்கி, துடைப்புத் தாளின் மூலையில் சின்னதாக ஒரு கட்டம் போட்டார். தாளின் அடியில் குறிப்புக்கென்று இப்படி ஓர் இடம் இருக்கும் என்றார், பெரும்பாலானவர்கள் அதைக் காலியாகவே விட்டுவிடுவார்கள். அவர் அதில் என்ன எழுதுவார் என்று கேட்டேன். எழுதிக் காட்டினார், ஆங்கிலத்தில் எழுத வேண்டியதைத் தமிழில்: “தூண் பக்கம் இறங்கியது 6 தூக்கு. உள்மூட்டை கண்ணில் படவில்லை.”